குமணன்சாவடி மண்டபத்தின் நடுத்தூண்கள்

நிவேதா போன் செய்தாள். நான் வேலை பார்த்த அம்பத்தூர் அலுவலகத்தில் இப்போது இருக்கிற பொறியாளர்களில் ஒருத்தி. அவர்கள் சங்கம் ஆண்டு மலர் போடுகிறதாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தர வேண்டுமாம். "இப்போ எல்லாத்துக்கும் மெஷின் வந்துடுச்சு மேம். சுவத்து மேல வெச்சா உள்ள ஓடற கம்பி ஸ்கிரீன்ல தெரியுது. நீங்கல்லாம் சுத்தியால தட்டி, காதால கேட்டே கண்டுபிடிப்பீங்களாமே. அதை எழுதுங்க, படிக்க ஜாலியா இருக்கும்" என்றாள்.

ஜாலியாக எழுத என்னிடம் எதுவும் இல்லை. கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். மலரில் போடுவதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் பாடு.

என் பெயர் எஸ்தர் ராணி. ஆவடியில் பிறந்து, கோவில்பதாகையில் வீடு கட்டி, அங்கேயே ஓய்ந்து உட்கார்ந்திருப்பவள். சிவில் டிப்ளமா படித்தேன். அந்தக் காலத்தில் அந்தப் படிப்புப் படித்த பெண்ணை எங்கே போனாலும் டிராயிங் போர்டு முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். இரண்டு கம்பெனிகளில் அப்படி உட்கார்ந்து கோடு போட்டேன். அதன் பிறகுதான் தணிகாசலம் சாரிடம் போய்ச் சேர்ந்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட் பக்கம் ஒரு டயர்க் கடையின் மாடியில் அவர் அலுவலகம். கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் தருவது அவர் தொழில். பள்ளிக்கூடம், ஃபேக்டரி, தியேட்டர், கல்யாண மண்டபம் என்று எதற்கு லைசென்ஸ் வாங்கினாலும் அப்படி ஒருவரின் கையெழுத்து வேண்டும். வேலை கேட்டுப் போன அன்று என் மார்க் ஷீட்டை அவர் திறக்கவே இல்லை. "சாரம் ஏறுவீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஏறுவேன் என்றேன். அவ்வளவுதான் இன்டர்வியூ.

அவர் வேலை செய்யும் விதம் இப்படி. கட்டடத்துக்குள் நுழைந்ததும் மின்விசிறி, மோட்டார், ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார். யாரும் பேசக் கூடாது. கைக்கு அடக்கமான ஒரு சின்னச் சுத்தியோடு தூணின் அடியில் குந்துவார். ஒரு சாண் உயரத்தில் தட்டத் தொடங்கி, அதே உயரத்தில் தூணை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் அடுத்த சாணுக்குப் போவார். கண்ணை மூடிக்கொண்டுதான் தட்டுவார். சத்தம் கெட்டியாக வந்தால் மேலே போவார். 'டொப்' என்று வந்தால் கையை மட்டும் நீட்டுவார். பக்கத்தில் நிற்கும் நான் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். ஒன்று, பூச்சு விட்டுப் போயிருக்கும். அல்லது கான்கிரீட் சரியாக இறங்காமல் உள்ளே பொந்து விழுந்திருக்கும். அல்லது கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைத் தள்ளியிருக்கும். வட்டம் போட்ட இடத்தை உடைத்துப் பார்ப்போம்.

வேலை முடியும்வரை காபி, டீ, தண்ணீர் எதையும் தொட மாட்டார். முடிந்ததும் ஒரே வார்த்தைதான். நிற்கும், இல்லையென்றால் நிற்காது. 'நிற்கும் என்று நினைக்கிறேன்' என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. நான் ஒருமுறை அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டேன். திட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சாருக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய கிரேக்க நாட்டுக் கோயில்கள். அந்த ஊருக்கு அவர் போனதில்லை, பாஸ்போர்ட் கூடக் கிடையாது. ஆனால் அந்தக் கோயில்களைப் பற்றிய தடித்தடிப் புத்தகங்கள் மேசையில் எப்போதும் கிடக்கும். சைட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே பேச்சுத்தான். அந்தத் தூண்களை வட்ட வட்டமான பெரிய கற்களாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்களாம். நடுவில் சாந்து கிடையாது. இரண்டு கற்களும் தொடும் விளிம்பை மட்டும் வழவழவென்று தேய்த்து, உள்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்திக் கரடுமுரடாக விட்டுவிடுவார்கள். அப்போதுதான் விளிம்பு இடைவெளியே தெரியாமல் உட்காரும். கல்லின் நட்டநடுவில் ஒரு சதுரக் குழி, அதில் மரக்கட்டை, கட்டையில் ஒரு முளை. மேலே இறங்கும் கல் அந்த முளையில் வந்து நேராக அமரும். கயிறு கட்டித் தூக்குவதற்காகக் கல்லில் குமிழ்களை விட்டுவைத்து, தூண் நின்ற பிறகு செதுக்கி எடுத்துவிடுவார்கள். மேலிருந்து கீழே ஓடும் பள்ளக் கோடுகளையும் தூணை நிறுத்திய பிறகே முழுதாக வெட்டுவார்கள். தூண் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தால் கண்ணுக்கு நடுவில் இளைத்தது போலத் தெரியுமாம். அதனால் இடுப்பில் கொஞ்சம் பருமன் வைப்பார்கள்.

கற்களைப் பிணைக்கும் இரும்பைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறும். இரும்பைக் கல்லில் பதித்து, சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றிவிடுவார்கள். காற்றும் தண்ணீரும் இரும்பை அண்டாது. ரொம்பப் பிற்காலத்தில் அங்கே ரிப்பேர் பார்த்தவர்கள் இதன் அருமை தெரியாமல் வெறும் இரும்பைப் பதித்தார்கள். அது துருப்பிடித்து ஊதி, அத்தனை காலம் நின்ற பளிங்கைப் பிளந்துவிட்டது. "எதிரி வெளியில இல்ல எஸ்தர். உள்ள நாமளே வெக்கிற இரும்புதான்" என்பார்.

அந்தத் தூண் பூந்தமல்லி வரைக்கும் வந்த கதையும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிரேக்கனிடமிருந்து ரோம்காரன் எடுத்தான், அவனிடமிருந்து ஐரோப்பா முழுக்கப் போயிற்று. வெள்ளைக்காரன் அதை மனசில் சுமந்துகொண்டு சென்னைக்கு வந்தான். இங்கே அவனுக்குப் பளிங்கு கிடைக்கவில்லை. செங்கல்லை வட்டமாகக் கட்டி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பைப் பூசி, பளிங்கு போலத் தேய்த்து வைத்தான். பெரிய மனிதர் இருக்கும் இடம் என்றால் வெள்ளைத் தூண் இருக்கும் என்று ஜனங்கள் மனசில் பதிந்துவிட்டது. பிறகு கையில் நாலு காசு வந்தவர் யார் வீடு கட்டினாலும் வாசலில் இரண்டு தூண். கல்யாண மண்டபம் என்றால் ஆறு தூண், மேலே முக்கோண முகப்பு, தூணின் தலையில் இலை இலையாகப் பூ வேலை. எல்லாம் அச்சில் வார்த்த சிமெண்ட் ஓடு. உள்ளே பாரம் தாங்குவது ஒல்லியான சதுரக் கான்கிரீட் தூண், வெளியே தெரிவது அதற்கு மாட்டிய சட்டை. "அவங்க தூண் பாரத்த சுமந்துது. நம்ம தூண் கௌரவத்த சுமக்குது" என்று சார் சொல்வார். எனக்கு அந்தப் பேச்சு அலுத்துப் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பேன்.

அலுத்தாலும், அந்தப் பேச்சு ஒரு சமயம் உயிர்களைக் காப்பாற்றியது. நெமிலிச்சேரி தாண்டி உள்ளே ஒரு பழைய மாதா கோயில். முகப்பில் வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புத் தூண்கள். திருவிழாவுக்கு வெள்ளையடிக்க வந்தவர், ஒரு தூணில் விரிசல் போகவே மாட்டேன் என்கிறது என்று சாமியாரிடம் சொல்லியிருக்கிறார். நாங்கள் போனோம். சார் தட்டத் தட்ட நான் வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். தலைக்கு மேலே போகப் போக வட்டங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. உடைத்தால், எப்போதோ லவுட் ஸ்பீக்கர் கட்டுவதற்காகப் பதித்த இரும்புக் கம்பி. விரல் கனம் இருந்தது துரு ஏறி மணிக்கட்டுக் கனம் ஆகியிருந்தது. செங்கல்லெல்லாம் பிளந்து கிடந்தது. சார் "நிற்காது" என்றார். அன்றே கயிறு கட்டி முகப்பை அடைத்தார்கள். அந்த வாரமே அந்தத் தூணின் மேல்பாதி தானாகச் சரிந்தது. கீழே ஆள் இல்லை. சாமியார் பூசையில் சாருக்காக ஜெபித்ததாகச் சொன்னார்கள். அதன் பிறகு அவர் காதின் மேல் எங்கள் எல்லோருக்கும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. அவருக்கும்தான்.

பலராமன் எங்களிடம் வந்தது ஓர் ஆவணி மாதம். தண்ணீர் லாரி ஓட்டி மேலே வந்தவர். குமணன்சாவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் மண்டபம் கட்டியிருந்தார். புது மண்டபத்தில் முதல் விசேஷம் சொந்த வீட்டு விசேஷமாக இருக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்து மண்டபக்காரர்கள் நினைப்பார்கள். அதனால் கார்த்திகையில் மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுத்தான் வந்து நின்றார்.

"எல்லாம் ரெடியா கீது சார். நீங்க ஒரு தபா வந்து பாத்து கையெய்த்துப் போட்டீங்கன்னா போதும்."

மண்டபத்தில் எங்களை வரவேற்றது அவருடைய அக்கா தனலட்சுமி. கட்டையான உடம்பு, தெருக்கோடி வரை கேட்கும் குரல். அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டதால் பலராமனை வளர்த்தது இந்த அக்காதான். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தம்பியின் வீடு, லாரி, டிரைவர்கள் எல்லாம் இவர் அதட்டலில்தான் ஓடிக்கொண்டிருந்தன. எங்களுக்கு மோர் கொண்டு வந்தார். வேலை முடியட்டும் என்று சார் கையைக் காட்டினார்.

"இன்னாம்மா, உங்க சாரு மோரக் கூட தட்டிப் பாத்துட்டுத்தான் குடிப்பாரா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, தானே பெரிதாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். சார் கண்ணை மூடியபடியே, "பேச்சு வேணாம்மா, கொஞ்ச நேரம்" என்றார்.

ஹாலிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் குறையே இல்லை. முகப்புக்கு வந்தோம். மூன்று ஆள் உயரத்தில் ஆறு தூண்கள், பட்டி பார்த்து வெள்ளை அடித்துப் பளபளவென்று நின்றன. இடது ஓரத்தில் இரண்டும் வலது ஓரத்தில் இரண்டும் தட்டியதும் 'டொப் டொப்' என்றன. வெறும் சட்டை. நடுவில் இருந்த இரண்டும் மட்டும் கெட்டியாகக் கேட்டன. அதில் ஆச்சரியமில்லை. கல் உத்தரம் நீளமாகப் போனால் ஒடிந்துவிடும் என்பதால் கிரேக்கக் கோயில்களில் தூண்கள் நெருக்கமாக நிற்கும். இங்கே கான்கிரீட் உத்தரம், அதோடு மணமக்கள் கார் உள்ளே வந்து நிற்க வேண்டும் என்று நடுத்தூண்களை அகலமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். அந்த மாதிரி இடத்தில் நடு இரண்டை மட்டும் முழு வட்டமாகவே கான்கிரீட் போட்டுவிடுவது உண்டு. நாங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறோம்.

ஒரு நடுத்தூணில் இடுப்பு உயரத்தில் ஒரே இடத்தை அவர் இரண்டு முறை தட்டினார். பிறகு கண் திறக்காமலே தலையை ஆட்டிக்கொண்டு மேலே போனார். பட்டியும் பெயிண்டும் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும்தான். எனக்கும் கெட்டியாகத்தான் கேட்டது. உள்ளும் புறமும் ஒன்றாக இருக்கிற தூணைத்தான் அந்த மனிதர் ஆயுள் முழுக்கப் புத்தகத்தில் பார்த்துப் பார்த்து ஏங்கினார். அந்தச் சத்தத்தில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

அவர் பயமெல்லாம் ஓரத்துத் தூண்கள் மேல்தான். சிமெண்ட் ஓட்டைப் பிடித்திருக்கும் கம்பி எப்படி இருக்கிறதோ, துரு இருக்கிறதோ என்று. "ஒண்ண தொறந்து பாக்கணும்" என்றார்.

"இன்னா சார் இது, புதுத் தூண ஒடைக்க சொல்றீங்க? கல்யாணம் வருது சார்" என்று பலராமன் பதறினார்.

"தொறக்காம கையெழுத்து இல்ல."

அக்கா குறுக்கே வந்தார். "அவுரு இன்னா உன் சொத்தையா எய்தி கேட்டாரு? ஓரத்துல ஒண்ண ஒடைச்சு காட்டுடா. நாள பின்ன நாலு பேரு நிக்கப் போற எடம்" என்றார். தம்பி அடங்கிவிட்டார்.

இடது ஓரத் தூணில் ஆள் உயரத்தில் ஜன்னல் போல வெட்டினார்கள். உள்ளே சதுரத் தூண் சுத்தமாக நின்றது. சிமெண்ட் ஓட்டைக் கட்டியிருந்தது துருப்பிடிக்காத வெள்ளைக் கம்பி. மொட்டை மாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் பிளாஸ்டிக் குழாய் ஓட்டுக்கும் தூணுக்கும் நடுவில் ஓடியது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. சார் தோள்பட்டை வரை கையை விட்டுத் தடவிப் பார்த்தார். வெளியே எடுத்த கையில் வெறும் சிமெண்ட் தூசி. "நிற்கும்" என்றார். அதன் பிறகு மோரைக் குடித்தார். அக்கா இன்னொரு டம்ளர் ஊற்றினார்.

கல்யாணத்துக்கு எங்கள் இரண்டு பேருக்கும் பத்திரிகை வந்தது. ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகையிலும் விடவில்லை. கல்யாணத்தன்று காலையில்தான் கொஞ்சம் வெறித்தது. சார் ஸ்கூட்டரை நிறுத்தப் போனார், நான் முன்னால் நடந்தேன். வலப்பக்க நடுத்தூணை ஒட்டி மேசை போட்டு, சந்தனம் கல்கண்டோடு தனலட்சுமி அக்கா பட்டுப்புடவையில் நின்றிருந்தார். பன்னீர் செம்பை என் தலைக்கு மேலே ஆட்டி ஒரு குளியலே போட்டுவிட்டார். "உங்க சாரு எங்க? உள்ள போயி முன்னாடி குந்து, நான் அவர இட்டாரேன்" என்றார். நான் உள்ளே போய் இரண்டு வரிசை தாண்டியிருப்பேன்.

பின்னால் சாரின் குரல் கேட்டது. அவர் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. திரும்பினேன். வாசல் படியில் நின்று, "அம்மா! அங்கிருந்து வாங்க, இந்தப் பக்கம் வாங்க" என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். தூணின் அடியில் பெயிண்ட் விரிந்து பழுப்புத் தண்ணீர் கசிவதை அவர் பார்த்துவிட்டார். மேளமும் நாகசுரமும் காதைப் பிளந்தன. அக்கா அவரைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாகப் பன்னீர் செம்பைத் தூக்கிக் காட்டினார். அப்போது தூணின் அடி ஓடு வெடித்தது. முதலில் தண்ணீரும் மண்ணும் சேறாகப் பீய்ச்சின. தாங்க ஒன்றும் இல்லாமல் மேலே இருந்த ஓடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. கடைசியாக இலை வேலை செய்த தலைப்பாகம் விழுந்தது.

மேளம் நிற்க நேரமாயிற்று. ஓடுகளை அகற்றும்போதே அக்காவுக்கு உயிர் இல்லை. உள்ளே இருந்த சதுரத் தூண் ஒரு கீறல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. மாடியும் முக்கோண முகப்பும் அப்படியே இருந்தன. கட்டடத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. சார் அந்தச் சேற்றில் குந்தி, ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்தார். பிறகு தூணை ஒட்டியிருந்த மழைத்தண்ணீர்க் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனார். ஒரு மூட்டில் அவர் விரல் நின்றது. அந்த மூட்டு நசுங்கி உடைந்திருந்தது. முழுக் கான்கிரீட் என்று நாங்கள் நம்பிய தூணுக்குள் மண் எப்படி வந்தது என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

மறுநாள் மதியம் அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாங்கள் போனோம். எங்களை அடித்தால் கூட வாங்கிக்கொள்ளத்தான் போனோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே வேறு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையில்லாத அக்காவுக்குத் தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும். பலராமன் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். சொந்தக்காரர்கள் கெஞ்சி ஓய்ந்து போயிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அவரே பேசினார்.

"தூணு மாட்டி முடிச்சப்ப அக்கா ஒரு தட்டு தட்டிப் பாத்துச்சு சார். இன்னாடா தகர டப்பா மாறி சத்தம் வருது, வர்றவன் போறவன்லாம் தட்டிப் பாத்து சிரிக்கப் போறான்னு சொல்லி சிரிச்சுது. எனக்கு அசிங்கமா பூட்ச்சு. ஜனம் வந்து நிக்கறது அந்த நடுத்தூணாண்டதான? அத்தொட்டு அந்த ரெண்டை மட்டும் நம்ம லாரிப் பசங்கள வுட்டு மேலேருந்து மண்ணு கொட்டி, கடப்பாரையால குத்தி, தண்ணி வுட்டு எறுக்கி நெரப்பினேன். கெட்டியா ஆச்சு. அக்காவே தட்டிப் பாத்து, இப்ப சரியா கீதுடான்னுச்சு."

"எங்ககிட்ட சொல்லலியே" என்று நான் கேட்டுவிட்டேன்.

"நீங்க கேக்கலியேம்மா. மண்ணு போட்டா ஸ்ட்ராங்குதானன்னு நெனச்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. கடப்பாரை குத்தியதில் குழாய் மூட்டு உடைந்து, மழைத்தண்ணீர் முழுக்க அந்த மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. வடிய வழியில்லாமல் தூண் தண்ணீர்த் தொட்டியாகி, சிமெண்ட் ஓட்டை வெளியே தள்ளியிருக்கிறது. கேட்ட அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சாருக்கும் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், துடைக்கவில்லை.

பலராமன் அவர் காலைத் தொடுகிற மாதிரி முன்னால் நகர்ந்து வந்தார். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். நான் மண்ணு நெரப்பாம காலியாவே வுட்டிருந்தா நின்னுருக்குமா? நான்தான் சார் எங்கக்காவ கொன்னேனா? கொன்னவன் கையால எப்படி சார் கொள்ளி வெக்கிறது?"

கூடம் முழுக்க சாரையே பார்த்தது.

"நின்னுருக்காது" என்றார் சார். "சிமெண்ட் ஓட்டக் கட்டின கம்பி சரியில்ல. நீங்க நெரப்பலேன்னாலும் விழுந்திருக்கும். அத நான் பாத்திருக்கணும். தப்பு என்னோடது. நீங்க எழுந்திரிங்க."

பலராமன் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, குடத்தைத் தூக்கப் போனார்.

திரும்பும்போது எனக்குத் தாங்கவில்லை. "கம்பி நல்லாத்தான இருந்துச்சு, ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "வேற என்ன சொல்லச் சொல்றீங்க?" என்றார்.

பொய் அந்த வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காரியத்துக்குப் போயிருந்தபோது, திருமழிசைப் பக்கம் மண்டபம் வைத்திருக்கும் பலராமனின் உறவுக்காரர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். "கம்பிதான் காரணமாம், மண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னு சாரே சொல்லிட்டாரு. நாங்களும் நாலு தூணு நெரப்பித்தான் வெச்சுகினு கீறோம், கல்லு மாறி நிக்குது" என்றார். பக்கத்தில் இருந்தவர் தானும் நிரப்பப் போவதாகச் சொன்னார். தட்டினால் கெட்டியாகக் கேட்க வேண்டும் என்பது பலராமன் ஒருவரின் ஆசை இல்லை என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அத்தனை வாசல்களிலும் சந்தனத் தட்டோடு யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். சார் அன்று வாசலிலேயே செருப்பைத் தேடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். செருப்பு அவர் காலடியிலேயே இருந்தது.

விசாரணை அதிகாரி கூப்பிட்டபோது நானும் கூடப் போனேன். பலராமன் முன்வரிசையில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். அதிகாரி காரணம் கேட்டார். சார் எழுந்து நின்று, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மண், கடப்பாரை, உடைந்த குழாய், தேங்கிய தண்ணீர். கம்பியில் குறை இல்லை என்றும் சொன்னார். தட்டிக் கேட்டதை நம்பி நடுத்தூணைத் திறக்காமல் விட்டது தன் தவறு என்றார். இதேபோல நிரப்பிய மண்டபங்கள் சுற்றுவட்டாரத்தில் இருக்கின்றன, அவற்றை உடனே திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதன்படி பார்த்தார்கள். திருமழிசை மண்டபத்துத் தூண்களின் அடியிலும் ஈரம் இருந்தது. சார் அதன் பிறகு எந்தக் கட்டடத்துக்கும் கையெழுத்துப் போடவில்லை. யாரும் தடுக்கவில்லை, அவராகவே நிறுத்திக்கொண்டார். அலுவலகத்தை வேறொருவர் எடுத்து நடத்தினார். நான் அந்தப் புதியவரிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன்.

ஆனால் அன்று அந்த அறையில், அதிகாரி கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "மண் போடாமல் விட்டிருந்தால்?"

சார் பலராமனைப் பார்க்கவில்லை. "நின்றிருக்கும்" என்றார்.

வெளியே வராந்தாவில் பலராமன் எங்களுக்காகக் காத்திருந்தார். சத்தம் போடுவார் என்று நான் நடுவில் போய் நின்றேன். அவர் சத்தம் போடவில்லை.

"இன்னிக்கு சொன்னீங்களே, அதுதான் சார் நெசமா?"

"ஆமா."

"அப்போ அன்னிக்கு ஊட்ல சொன்னது?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். பலராமன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கு நீங்க சொன்னத நம்பித்தான் சார் எங்கக்காவுக்குக் கொள்ளி வெச்சேன்" என்றார்.